பணம் பட்டாவைத் தேடித்தான் வருகிறது
தாம்பரம் சுற்றுவட்டார விவசாயிகள் கவனத்துக்கு

தாம்பரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில் நிலையமும் பஸ் நெரிசலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மேற்கே முடிச்சூரைத் தாண்டி மணிமங்கலம், சோமங்கலம், படப்பை என்று போனாலும், கிழக்கே அகரம்தென்னைத் தாண்டி பொன்மார், மாம்பாக்கம் என்று போனாலும், ஏரியும் மதகும் கழனியும் இன்னும் மிச்சமிருக்கின்றன. பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி மாவட்டம் என்று சொல்வது வழக்கம். அந்த ஏரிகளின் ஆயக்கட்டில் பெரும்பகுதி இப்போது மனைக்கல் நட்டு நிற்கிறது. மீதமுள்ள இடத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஒரு போகமாவது நெல் வைக்கிறவர்கள் பெரும்பாலும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் உள்ள சிறு விவசாயிகள். அல்லது சொந்தத்தில் சென்ட் நிலமும் இல்லாமல் வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவர்கள்.

இவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மானியம் கைக்கு வருகிறதா என்பதே இந்த வாரப் பேச்சு. மானியம் என்ற பெயரில் பல பணம் வருகிறது. அதில் நேராக வங்கிக் கணக்கில் விழுவது ஒன்று உண்டு. பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி என்பது அதன் பெயர். நம் பக்கத்தில் சுருக்கமாக ‘இரண்டாயிரம் பணம்’ என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வருகிறது, எனக்கு வரவில்லை என்று மனத்தாங்கல் அதிகமாக இருப்பதும் இந்தப் பணத்தில்தான். ஆகவே முதலில் அதையே பார்ப்போம்.

1-2-2019 அன்று மத்திய அரசின் இடைக்கால பட்ஜெட்டில் இத்திட்டம் அறிவிக்கப்பட்டது. 1-12-2018 முதல் அமலுக்கு வந்ததாகக் கணக்கு. ஆண்டுக்கு ரூ. 6,000, நான்கு மாதத்துக்கு ஒரு தவணையாக மூன்று முறை ரூ. 2,000. ஆரம்பத்தில் இரண்டு எக்டேர், அதாவது ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. அதே 2019-ல் தேர்தல் முடிந்ததும் அந்த வரம்பை எடுத்துவிட்டு, நிலம் உள்ள எல்லாக் குடும்பத்துக்கும் என்று மாற்றினார்கள். 21-வது தவணையை 2025 நவம்பர் 19 அன்று நம் கோயம்புத்தூரிலிருந்துதான் பிரதமர் விடுவித்தார். தொடக்கத்திலிருந்து ஒரு தவணையும் தவறாமல் வாங்கியவர் கணக்கில் அதுவரை ரூ. 42,000 சேர்ந்திருக்க வேண்டும்.

தவணைக் காலத்தைக் கவனியுங்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒன்று, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஒன்று, டிசம்பர் முதல் மார்ச் வரை ஒன்று. டெல்லியில் யாரும் செங்கல்பட்டுப் பட்டங்களை மனத்தில் வைத்து இதை வகுத்திருக்க மாட்டார்கள். என்றாலும் சொர்ணவாரிக்கு ஒன்று, சம்பாவுக்கு ஒன்று, நவரைக்கு ஒன்று என்று நம் மூன்று பட்டத்துக்கும் ஏறக்குறையப் பொருந்தி வருகிறது. ஒரு தவணைப் பணத்தில் ரூ. 266.50 விலையில் 45 கிலோ யூரியா மூட்டை ஏழு வாங்கலாம். நடவுக் கூலிக்கு இந்தப் பணம் காணாது. ஆனால் வட்டிக்கு வாங்காமல் விதைக்கும் அடியுரத்துக்கும் கைகொடுக்கும். சிறு விவசாயிக்கு அதுவே பெரிது.

உழவுக்கு அல்ல, பட்டாவுக்கு

இந்தப் பணம் யாருக்கு? விதியைப் படித்தால் ஒரே பதில்தான். 1-2-2019 அன்று யார் பேரில் சாகுபடி நிலம் வருவாய்த்துறைக் கணக்கில் இருந்ததோ அவருக்கு. ஏர் பிடிக்கிறவர் யார், நாற்று விடுகிறவர் யார், தண்ணீர் பாய்ச்ச இரவில் போகிறவர் யார் என்று கேட்பதில்லை. குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுகிறவருக்கு உண்டா என்ற கேள்விக்கு மத்திய அரசே தன் விளக்கத்தில் இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டது. நில உடைமை ஒன்றே அளவுகோல். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவருக்கும் இதே கதிதான். அங்கே பட்டா சாமி பேரில் இருக்கிறது, நிறுவனங்களின் நிலத்துக்குப் பணம் இல்லை.

வேறு ஊர்களில் இந்த விதி ஓரளவு நியாயமாகவே நடக்கும். உழுகிறவரும் பட்டாதாரரும் ஒரே ஆளாக இருப்பார். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில்தான் இரண்டும் பிரிந்து கிடக்கின்றன. பட்டாதாரர் நகரத்தில் வேலையில் இருப்பார். நிலம் விலை ஏறட்டும் என்று வைத்திருப்பார். கிராமத்தில் ஒருவர் அதைச் சும்மா போடாமல் பயிர் வைத்து வாரம் அளப்பார். எழுத்து ஒன்றும் இருக்காது. எழுதிக் கொடுத்தால் 1955-ம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நிலத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாரோ என்று உடையவருக்குப் பயம். சென்ட் கணக்கில் நிலம் விலை போகிற ஊரில் அந்தப் பயத்தைக் குறை சொல்லவும் முடியவில்லை. விளைவு, பணம் ஒருவர் வீட்டுக்கும் வியர்வை இன்னொருவர் உடம்புக்கும் போய்ச் சேருகிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் பெருநகரத்துக்குத் தென்மேற்கே எல் கம்போ என்ற ஊர். அந்தப் பக்கமும் நெல் விளையும் பூமிதான். 1996-ல் அந்த நாட்டில் சட்டம் மாற்றினார்கள். முன்பு எந்த நிலத்தில் எந்தப் பயிர் எவ்வளவு இருந்தது என்ற பழைய கணக்கை வைத்து, இப்போது பயிர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் நிலத்துக்குப் பணம் என்று ஏற்பாடு. நெல் வயலை மனையாகப் பிரித்து வீடு கட்டினார்கள். வீட்டுக்குப் பின்னாலுள்ள புல்தரைக்கும் நெல் மானியம் வந்துகொண்டிருந்தது! 2006 ஜூலையில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தது. 2000-ம் ஆண்டு முதல் விவசாயமே செய்யாதவர்களுக்கு 130 கோடி டாலர் போயிருக்கிறது என்று அது கணக்குப் போட்டது. மறு ஆண்டு அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் இன்னொரு கணக்கு சொன்னது: 1999 முதல் 2005 வரை, இறந்துபோன 1,72,801 பேர் பெயரில் 110 கோடி டாலர் பட்டுவாடா ஆகியிருந்தது. பயிர் வைக்காதவர்களுக்கும் போன அந்த நேரடிப் பட்டுவாடா முறையை 2014-ம் ஆண்டுச் சட்டத்தில் நிறுத்தினார்கள்.

எல் கம்போவின் கதையைப் படிக்கும்போது முடிச்சூர், மாடம்பாக்கம் பக்கத்துக் கல் நட்ட கழனிகள் நினைவுக்கு வராமல் இருக்காது. கல் நட்ட பிறகும் பழைய கணக்கில் நஞ்சை என்று இருக்கிற நிலம் எத்தனையோ. ஆனால் நம் திட்டத்தில் ஒரு நல்ல வேறுபாடு உண்டு. விவசாயம் அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்தும் நிலத்துக்குப் பணம் இல்லை என்பது தெளிவான விதி. மனை வாங்கிப் போட்டவர், பட்டாவில் நஞ்சை என்று இருக்கிறதே என்று விண்ணப்பித்தால் அது தவறு. பிறகு திருப்பிக் கட்டச் சொல்லுவார்கள்.

மாநகராட்சியில் சேர்ந்துவிட்டால்?

இந்தச் சந்தேகம் பலருக்கு இருக்கிறது. 2019 நவம்பர் 29-ல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. ‘இனி நாம் டவுன்காரர்கள், விவசாயி என்று சொல்ல முடியாது’ என்று சிலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டார்கள். அது சரியல்ல. நகர்ப்புற நிலம், கிராமப்புற நிலம் என்ற பேதம் இத்திட்டத்தில் கிடையாது. நகர எல்லைக்குள் இருக்கும் நிலத்தில் உண்மையாகவே சாகுபடி நடக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மாடம்பாக்கத்திலோ திருநீர்மலையிலோ பட்டா நிலத்தில் கீரை போடுகிறவருக்கும் இது பொருந்தும்.

யார் யாருக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசு, பொதுத்துறை, உள்ளாட்சி ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் ஆகியோருக்கு இல்லை. கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் விலக்கு. மாதம் ரூ. 10,000-க்கு மேல் பென்ஷன் வாங்குகிறவர், கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர், தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், இன்ஜினீயர், ஆடிட்டர் ஆகியோருக்கும் இல்லை. ரயில்வேயிலோ விமானப்படைத் தளத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்று, தோட்டம் வாங்கிப் போட்டவர்கள் இங்கே அதிகம். அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று: குடும்பம் என்றால் கணவன், மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் மட்டும். கணவன் பேரில் ஒரு பட்டா, மனைவி பேரில் ஒரு பட்டா இருந்தாலும் ஒருவருக்குத்தான் பணம். மகன் வயது வந்தவராகி சர்க்கார் வேலையில் இருந்தால், அதனால் தகப்பனார் தகுதி இழப்பதில்லை. பட்டா தகப்பனார் பேரில் இருந்து அவர் பயிர் செய்தால் போதும். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒதுங்கி நிற்கும் பெரியவர்கள் உண்டு.

2020-ல் நடந்தது

இப்போது சோதனை மேல் சோதனை வைக்கிறார்களே என்று சலித்துக்கொள்வதற்கு முன், அதற்குக் காரணம் எங்கே பிறந்தது என்று அறிவது நல்லது. 2020-ல் கொரோனா ஊரடங்கு நேரத்தில், விவசாயிகள் தாங்களே கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ளலாம் என்று வழி திறந்தார்கள். பதிவுகளை ஒப்புதல் செய்ய அலுவலகங்களில் இருந்த ரகசிய எண்கள் வெளியாட்கள் கைக்குப் போயின. இடைத்தரகர்கள் கிராமம் கிராமமாகப் போய் ‘கொரோனா பணம் வருகிறது’ என்று ஆதார் அட்டையும் பாஸ் புத்தகமும் வாங்கிக்கொண்டு, நிலமே இல்லாதவர்களையெல்லாம் விவசாயி ஆக்கினார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று பதின்மூன்று மாவட்டங்களில் இது நடந்திருந்தது. நம் செங்கல்பட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. சுமார் ஐந்தரை லட்சம் தகுதியற்றவர்களுக்கு ரூ. 110 கோடி போய்விட்டதாக 2020 செப்டம்பரில் அப்போதைய வேளாண்துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி பத்திரிகையாளர்களிடம் தெரிவித்தார். ஒப்பந்த ஊழியர்கள் எண்பது பேர் நீக்கப்பட்டார்கள். அதிகாரிகள் சிலர் சஸ்பெண்ட் ஆனார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் போனது. கொடுத்த பணத்தை வங்கிக் கணக்கிலிருந்து திரும்ப எடுத்தார்கள்.

தமிழ்நாடு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அகில இந்திய அளவில் 2020 ஜூலை வரை 20 லட்சத்து 48 ஆயிரம் தகுதியற்றவர்களுக்கு ரூ. 1,364 கோடி போயிருந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டவருக்கு மத்திய அரசு பதில் சொன்னது. அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வருமான வரி கட்டுகிறவர்கள்.

இதில் என் மனத்தை உறுத்துவது ஒன்று. அந்த ஐந்தரை லட்சம் பேரில் பலர் கூலிக்காரர்கள். தங்கள் பேரில் என்ன எழுதினார்கள் என்றே தெரியாதவர்கள். ரூ. 2,000 வந்ததில் தரகருக்கு ஒரு பங்கு கொடுத்துவிட்டு, பிறகு முழுப் பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. ஆகவே யாராவது வீட்டுக்கு வந்து, விவசாயப் பணம் வாங்கித் தருகிறேன் என்று ஆதார் நகல் கேட்டால் கொடுக்க வேண்டாம். இதற்குப் பதிவுக் கட்டணம் என்று ஒன்றும் சர்க்காருக்குக் கிடையாது. பொதுச் சேவை மையத்தில் செய்து தருவதற்குரிய சிறு கட்டணம் மட்டும் உண்டு.

அந்த மோசடிக்குப் பிறகுதான் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டுப் போட்டார்கள். 2022 முதல் இ-கே.ஒய்.சி. என்ற ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் ஆனது. நிலத்தின் சர்வே எண்ணைப் பதிவோடு இணைக்க வேண்டும் என்றார்கள். 2025 முதல் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்கு ஆதார் போல ஒரு தனித்துவ அடையாள எண் கொடுக்கும் வேலை தொடங்கி, கிராமங்களில் முகாம் நடந்தது. இந்த எண் இல்லாவிட்டால் தவணை நிற்கக்கூடும் என்று வேளாண்துறை எச்சரித்தது. பூட்டு திருடனுக்காகப் போட்டது. ஆனால் சாவி இல்லாமல் வெளியே நிற்பது பல இடங்களில் உண்மையான விவசாயிதான்.

எங்கே நின்றுபோகிறது?

நின்றுபோகும் இடங்களில் முதலாவது, பட்டா இறந்தவர் பேரில் இருப்பது. இதுதான் நம் பகுதியின் பெரிய வியாதி. 1979-ல் தொடங்கி எண்பதுகளில் முடிந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் யார் பேர் ஏறியதோ அதுவே இன்றும் நிற்கிறது. அந்தத் தாத்தா காலமாகி முப்பது வருஷம் ஆகியிருக்கும். பிள்ளைகள் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்துக்கொண்டு உழுகிறார்கள். முன்பு ஊரில் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் தலைமுறையாக இருந்தார்கள். யார் பாகம் எது என்று வாய்க்கணக்காகவே சொல்லுவார்கள். 1980-ல் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பரம்பரை ஆதிக்கம் போனது நல்லதே. ஆனால் வாய்க்கணக்கும் அதோடு போயிற்று. கம்ப்யூட்டருக்கு வாய்க்கணக்கு புரியாது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தா பேரில் இரண்டு ஏக்கர் நஞ்சை. மூன்று பிள்ளைகள். ஒருவர் நிலத்தில், ஒருவர் பல்லாவரத்தில் கடை, ஒருவர் வெளியூரில். பட்டா மாற்றாத வரையில் மூவரில் யாருக்கும் பணம் இல்லை. வாரிசுச் சான்று வாங்கி, மூவர் பேரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவாக மாற்றினால், பேர் ஏறிய ஒவ்வொருவரின் குடும்பமும், மற்ற தகுதி இருந்தால், தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். பாகம் பிரித்துப் பத்திரம் எழுதி உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கினால் இன்னும் நல்லது. பிற்காலத் தகராறு இராது. 1-2-2019-க்குப் பிறகு கைமாறிய நிலம் என்றால் பல கேள்வி கேட்பார்கள். ஆனால் உடையவர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு ஆரம்பத்திலிருந்தே விதிவிலக்கு உண்டு. ஆகையால், ‘2019 தேதி தாண்டிவிட்டது, இனிப் பயனில்லை’ என்று விடவேண்டாம்.

பணம் வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்துவிட்டால் அதைத் தெரிவித்து நிறுத்திவிட்டு, வாரிசு புதிதாகப் பதிய வேண்டும். இறந்தவர் கணக்கில் வரும் பணத்தை ஏ.டி.எம். அட்டை வைத்து எடுத்துக்கொண்டிருப்பது பிறகு வம்பில் மாட்டும்.

இரண்டாவது இடம் வங்கி. பாஸ் புத்தகத்தில் வரவில்லை, பணம் வரவேயில்லை என்று அலைகிற சிலருக்குப் பணம் வேறு வங்கியில் விழுந்து கிடக்கும். ஆதார் வழியாக அனுப்பும் பணம், நாம் கடைசியாக எந்த வங்கிக் கணக்கை ஆதாரோடு இணைத்தோமோ அந்தக் கணக்கில்தான் சேரும். காஸ் மானியத்துக்கோ வேறு உதவித்தொகைக்கோ புதிதாக ஒரு கணக்குத் திறந்திருந்தால் அங்கே போய்ப் பாருங்கள். எந்தக் கணக்கும் இணைக்கப்படாதவர்கள் தபால் நிலையத்தில் தபால் வங்கிக் கணக்குத் திறந்து இணைத்துக்கொள்வது சுலபம்.

மூன்றாவது கைரேகை. உழுத கைக்கு ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் ஏற்காது. செல்போனில் வரும் ரகசிய எண் மூலமாகவும், முகத்தைப் படம் பிடித்தும் சரிபார்க்க வழி இருக்கிறது. வயதானவர்களுக்கு இந்த முகச் சரிபார்ப்பு நல்லது. உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டால் செய்து தருவார். ஆதாரில் உள்ள பேரும் பட்டாவில் உள்ள பேரும் எழுத்து மாறியிருந்தாலும் தடை வரும். ‘கோவிந்தசாமி’ என்று ஒன்றிலும் ‘கோவிந்தன்’ என்று மற்றதிலும் இருந்தால் இரண்டில் ஒன்றைத் திருத்தியே ஆக வேண்டும்.

குத்தகைக்கு உழுகிறவருக்கு என்ன வழி?

இரண்டாயிரம் பணம் இவருக்கு இல்லை என்று மேலே சொன்னேன். ஆனால் எல்லா மானியமும் பட்டாவைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. சில, பயிரைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. அவற்றை விட்டுவிடக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரியது உர மானியம். அது நம் கணக்கில் விழாததால் நமக்குத் தெரிவதில்லை. யூரியா மூட்டைக்கு நாம் கொடுக்கும் விலையைப் போலப் பல மடங்கு அதன் அடக்க விலை. மீதியை அரசு கம்பெனிக்குக் கட்டுகிறது. கடையில் ஆதார் காட்டி ரேகை வைத்தால் போதும், பட்டா கேட்பதில்லை. பட்டாதாரரும் குத்தகைதாரரும் இங்கே சமம்.

அடுத்தது பயிர்க் காப்பீடு. 2016 முதல் நடக்கும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் வாரதாரரும் சேரலாம். காப்பீட்டுத் தொகையில் சொர்ணவாரி போன்ற காரீப் பருவ நெல்லுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாயும், ராபிப் பருவத்துக்கு ஒன்றரை ரூபாயும் விவசாயி கட்டுவது; மீதி இரண்டு அரசுகளும் கட்டும். நெல் கொள்முதலும் இப்படித்தான். 2025-26 கொள்முதல் ஆண்டுக்கு மத்திய அரசு விலையின் மேல் தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகை சேர்த்து, குவிண்டாலுக்கு சாதாரண ரகம் ரூ. 2,500, சன்ன ரகம் ரூ. 2,545 என்று நிர்ணயித்தது. அந்த ஊக்கத்தொகையும் மானியம்தானே! வியாபாரிக்குக் களத்திலேயே அளந்துவிட்டால் அது இல்லை.

வெள்ள நிவாரணமும் பயிரைப் பார்த்துத்தான் வரும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான பாசன நெற்பயிருக்கு எக்டேருக்கு ரூ. 13,500 என்றிருந்த நிவாரணத்தை அரசு ரூ. 17,000 ஆக உயர்த்தியது. ஏக்கருக்கு ஏறத்தாழ ரூ. 6,900 ஆகிறது. ஓர் ஆண்டின் இரண்டாயிரம் பணம் மூன்று தவணையையும் விட இது அதிகம்.

இந்த மூன்றுக்கும் சாவி அடங்கல். சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அடங்கல் அந்த நிலத்தில் இந்தப் பருவம் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று சொல்லும். நடவு முடிந்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் போய், சாகுபடி செய்கிறவர் என்று தம் பேருக்குச் சான்று கேட்டு வாங்குவது குத்தகை விவசாயியின் முதல் வேலை. வெள்ளம் வந்த பிறகு போனால் கூட்டத்தில் நிற்க வேண்டியதுதான். நிலத்துக்காரர் தடுத்தால்? ஒரு பருவத்து அடங்கல் பதிவினால் மட்டும் நிலம் கைமாறிவிடாது என்று அவருக்கு நயமாக எடுத்துச் சொல்லுங்கள். சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கவும் இந்தச் சான்று உதவும். தவணை தவறாமல் கட்டினால் அந்தக் கடனுக்கு வட்டி இல்லை.

இங்கே அரசுக்கும் ஒரு வார்த்தை. பட்டாதாரர் உரிமையும் கெடாமல், உழுகிறவரும் பட்டினி கிடக்காமல் வழி காண முடியாதா என்றால், அண்டை மாநிலம் கண்டிருக்கிறது. ஆந்திரப் பிரதேசம் 2019-ல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. நிலத்துக்காரர் சம்மதத்தோடு பதினோரு மாதத்துக்கு மட்டும் சாகுபடியாளருக்கு ஓர் அட்டை. நிலத்தின் மேல் எந்தப் பாத்தியமும் அதனால் வராது. கடன், காப்பீடு, நிவாரணம் மட்டும் அவருக்கு வரும். அதே ஆண்டு அந்த மாநிலம் தொடங்கிய ஆண்டுக்கு ரூ. 13,500 உதவியில், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மை வகுப்புக் குத்தகைதாரர்களையும் சேர்த்தது. ஒடிசாவும் 2018-ல் தன் காலியா திட்டத்தில் வாரதாரர்களைச் சேர்த்தது. தெலுங்கானா 2018-ல் ஏக்கருக்குப் பருவத்துக்கு ரூ. 4,000 என்று தாராளமாகக் கொடுத்தும், பட்டாதாரருக்கு மட்டும் என்று வைத்ததால் அங்கே குத்தகைதாரர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆந்திராவிலும் நிலத்துக்காரர்கள் பலர் சம்மதம் கொடுக்கத் தயங்கவே செய்தார்கள். ஆனாலும் பதினோரு மாத அட்டை நம் தாம்பரம், வண்டலூர் வட்டங்களுக்கென்றே செய்தது போல் இருக்கிறது. மனை விலை ஏறும் ஊரில் நிலத்துக்காரர் பயம் தீர்ந்தால்தான் கழனி தரிசாகாமல் இருக்கும். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரி அளவு முக்கால் எக்டேர்தான். இவ்வளவு சிறிய துண்டுகளை ஒன்றிரண்டு சேர்த்துக் குத்தகைக்கு எடுத்தால்தான் ஒருவர் குடும்பம் நடத்த முடியும்.

போகும்போது எடுத்துப் போக வேண்டியவை

சொட்டு நீர், தெளிப்பு நீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதமும் மற்றவர்களுக்கு எழுபத்தைந்து சதவீதமும் மானியம் என்பது தமிழ்நாட்டில் நடைமுறை. இதற்குத் தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்க வேண்டும். இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. மல்லி, கீரை, கத்தரி போடுகிறவர்கள் இதை விடக்கூடாது. பவர் டில்லர், களையெடுக்கும் கருவி போன்றவற்றுக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பாதி விலை வரை மானியம் கிடைக்கும். செல்போனில் உழவன் செயலி வைத்திருப்பவர்கள் அதிலேயே பதியலாம்.

இரண்டாயிரம் பணத்தின் நிலையை அறிய 155261 என்ற எண்ணில் கேட்கலாம்; ஆதார் எண்ணும் பதிவு எண்ணும் கையில் இருக்கட்டும். பொதுவான விவசாயச் சந்தேகங்களுக்கு 1800-180-1551 என்ற கட்டணமில்லாத எண்ணில் தமிழிலேயே பதில் சொல்லுவார்கள். பயிர், கால்நடை பற்றி நேரில் கேட்க விரும்புகிறவர்களுக்கு, பொத்தேரிக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

பட்டா மாறுதல் மனு எந்த நாளிலும் பொதுச் சேவை மையத்தில் கொடுக்கலாம். அதில் தாமதமானவர்கள், வருஷா வருஷம் கோடையில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் கொடுக்கலாம்; தேதியைக் கிராம நிர்வாக அலுவலர் சொல்லுவார். அதிலும் தீராவிட்டால், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் நலன் காக்கும் நாள் கூட்டம் இருக்கிறது. மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்தார் காஞ்சிபுரத்துக்குப் போக வேண்டும். பழைய பட்டா, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், பாஸ் புத்தகம் ஆகியவற்றின் நகல் இரண்டு பிரதி எடுத்துப் போகவும். மனு கொடுத்தவுடன் எண் போட்ட ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளவும்.